1967 மஸ்டாங் ஜிடி500 பிரதி: ஃபைபர் கிளாஸ் பானட்டும் பின்முனைகளும் பொருந்தவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

நீலக்குதிரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1967ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னோக்கிச் சரியும் வகை) கார் ஒன்றை, அதே ஆண்டில் வெளிவந்த ஷெல்பி ஜிடி500 வண்டியின் தோற்றத்துக்கு மாற்றும் வேலையில் இரண்டு ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். தகட்டு வேலையெல்லாம் முடிந்து, துருப்பிடித்த பகுதிகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தாயிற்று. இப்போது ஃபைபர் கிளாஸ் பாகங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன: நீண்ட பானட், முன்மூக்கு, முனை தூக்கிய டிக்கி மூடி, அதன் இருபுறமும் வரும் பின்முனைத் துண்டுகள், பக்கவாட்டுக் காற்றுவாய்கள்.

பானட்டை முதன்முறையாக வைத்துப் பார்த்தபோதே மனம் சோர்ந்துவிட்டது. வலப்பக்க ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) பானட்டுக்கும் இடையே முழு நீளத்துக்கும் 5 மி.மீ. இடைவெளி சீராக இருக்கிறது. இடப்பக்கத்தில் முன்கண்ணாடி ஓரத்தில் 4 மி.மீ. என்று தொடங்கும் இடைவெளி முன்னே செல்லச் செல்ல விரிந்து 8 மி.மீ. ஆகிவிடுகிறது. அதோடு பானட்டின் இடது முன்மூலை, பக்கத்திலுள்ள ஃபெண்டரைவிட 8 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. இடது கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையேயும் மேலே 7, கீழே 4 என்று கோணல் தெரிகிறது. ஆனால் அது பழைய வண்டிகளில் இயல்பு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பானட்டின் ஓரத்தைத் தேய்த்து, தாழ்ந்த மூலையில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) ஏற்றிச் சமன் செய்துவிடலாம் என்று பெயிண்டர் சொல்கிறார். 8 மி.மீ. பட்டியை ஒரு மூலையில் சுமந்துகொண்டு ஓடும் பானட்டை என்னால் மனத்தளவில் ஏற்க முடியவில்லை. பாகத்தில்தான் குறையா, நான் பொருத்திய முறையில் குறையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? இதைச் செய்து பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையபட்டறை எழுதியது:

நண்பரே, கிரைண்டரைக் கையில் எடுக்காமல் இங்கே வந்து கேட்டதற்கு முதலில் என் பாராட்டு. நீங்கள் கொடுத்திருக்கும் அளவுகளிலேயே பாதி விடை இருக்கிறது.

நீங்கள் இயல்பு என்று ஒதுக்கிய கதவு இடைவெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். கதவின் முன்விளிம்பில் மேலே அகன்றும் கீழே குறுகியும் இடைவெளி இருந்தால், கதவு பின்பக்கமாகத் தொங்கிவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் முனையைக் கையால் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். வண்டி அசைவதற்கு முன்பே கதவு மட்டும் சில மில்லிமீட்டர் எழும்பினால், கீலின் ஊசியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் (உலோக உறைக்குழல்) தேய்ந்திருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் திறந்து மூடிய கனமான கதவில் மேல்கீல்தான் முதலில் தேயும்.

இப்போது இதன் தொடர்ச்சியைக் கவனியுங்கள். தொங்கிய கதவின் பக்கவாட்டுக் கோடு பின்னோக்கிச் சரிந்திருக்கும். அந்தக் கோட்டோடு சேரும்படி ஃபெண்டரை நீங்கள் அமைத்திருந்தால், அதே சரிவு முன்னோக்கி நீண்டு, ஃபெண்டரின் முன்முனை மேலே ஏறியிருக்கும். ஆகவே உங்கள் பானட்டின் மூலை தாழ்ந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு, ஃபெண்டர் உயர்ந்ததால் வந்ததாக இருக்கலாம். அதைப் பட்டியால் நிரப்பினால், கதவின் தேய்மானத்துக்குப் பானட்டில் பட்டி பூசியதாக ஆகும்.

விரியும் இடைவெளிக்கும் இதேபோல் ஒரு சோதனை உண்டு. பானட் தன் கீல்களில் ஒருபுறமாகத் திரும்பி அமர்ந்திருந்தால், இடப்பக்கம் முன்னே விரியும் அளவுக்கு வலப்பக்கம் முன்னே குறுக வேண்டும். உங்கள் வலப்பக்கம் சீராக இருக்கிறது. எனவே இடது ஃபெண்டரின் முன்பகுதி வெளியே தள்ளி நிற்கிறதா, அல்லது பானட்டே அந்த ஓரத்தில் குறைவாக வார்க்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பானட்டைக் கழற்றி, முன்புறமும் பின்புறமும் அதன் அகலத்தை அளந்து, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சமமா என்று பாருங்கள். ஃபெண்டரின் போல்ட் துளைகள் வேண்டுமென்றே பெரிதாக விடப்பட்டவை. அவற்றில் 4 மி.மீ. நகர்த்த இடம் இருக்கும்.

வேலையின் வரிசையை மாற்றவே கூடாது. வண்டி தாங்கிகளின் மேல் இல்லாமல் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றுக்கு ஈடான எடையாவது முன்பக்கம் இருக்க வேண்டும். மஸ்டாங்குக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம் என்பதால், தாங்கி எங்கே இருக்கிறதோ அதற்கேற்பக் கதவு இடைவெளி மாறும். முதலில் கதவைப் பின் ஃபெண்டரோடும் அடிப்பலகையோடும் பொருத்த வேண்டும். ஏனெனில் அவை பற்றவைக்கப்பட்டவை, நகராதவை. பிறகு முன் ஃபெண்டரைக் கதவோடு, பிறகு பானட்டைக் கண்ணாடி ஓரத்தோடும் இரு ஃபெண்டர்களோடும், கடைசியாக முன்மூக்கைப் பானட்டோடு. நகராத ஒன்றிலிருந்து நகரக்கூடிய ஒன்றை நோக்கி வர வேண்டும். பலர் புதுப் பானட்டைப் பார்க்கும் ஆவலில் அதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் மூலை தாழ்ந்திருந்தால், பானட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை அளக்க எளிய வழி, நூல். பானட்டின் நான்கு மூலைகளிலும் ஒரே உயரமுள்ள மரக்கட்டைகளை ஒட்டுங்கள். நடுவிலுள்ள மேட்டைத் தொடாத அளவுக்கு அவை உயரமாக இருக்க வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நூல்கள் நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட்டால் முறுக்கு இல்லை. ஒன்று மேலே நின்றால், அந்த இடைவெளியைப் போல் இருமடங்கு ஒரு மூலை பிசகியிருக்கிறது. கீழ்நூல் மேல்நூலைத் தள்ளிக்கொண்டு நின்றால் முறுக்கு தெரியாமல் போகும் என்பதால், நூல்களின் இடத்தை மேலும் கீழுமாக மாற்றிக் கட்டியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இழைப்பாய் எழுதியது:

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். முறுக்கு இருப்பது உறுதியானால் என்ன செய்வது என்பதையும், அதற்கு முன் செய்யக்கூடாத ஒன்றையும் நான் சேர்க்கிறேன்.

செய்யக்கூடாதது: இரும்புப் பானட்டுக்காகச் செய்யப்பட்ட பழைய சுருள் ஸ்பிரிங்குகளை இந்தப் பானட்டோடு ஒருநாளும் இணைக்காதீர்கள். அந்த ஸ்பிரிங்கின் விசை, கனமான தகட்டைத் தூக்கி நிறுத்துவதற்கு என்று கணக்கிடப்பட்டது. எடை குறைந்த ஃபைபர் கிளாஸ் பானட்டை மூட நீங்கள் அழுத்தும்போது முன்பக்கம் கீழே போகும், கீல் இருக்கும் பின்பக்கமோ ஸ்பிரிங்கின் எதிர்விசையால் மேலே வளையும். சில நாட்களில் கண்ணாடி ஓரம் மேடாகிவிடும்; சில மாதங்களில் கீல் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல் வெடிப்பு விழும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஒரு தாங்குகம்பியை வையுங்கள், அல்லது பானட்டின் எடைக்கு ஏற்ற மென்மையான கேஸ் ஸ்டிரட் (வாயு அடைத்த தாங்குதண்டு) வாங்குங்கள். முன்பக்கம் இரண்டு பூட்டு ஊசிகளும் கட்டாயம் வேண்டும். 1967 ஜிடி500 வண்டியிலும் பானட் ஊசிகள் இருந்தன என்பதால் தோற்றத்துக்கும் பொருந்தும்.

இனி முறுக்கு. மலிவான பாகங்களில் கண்ணாடி இழைகளைப் பிணைக்கப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் (பிசின்), கெட்டியாகும்போது கன அளவில் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும். அச்சிலிருந்து பாகத்தை எடுத்த பிறகும் பல நாட்கள், சில நேரம் பல வாரங்கள், இந்தச் சுருக்கம் சிறிது சிறிதாகத் தொடரும். அவசரமாக அச்சிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த பானட், சாய்ந்த வடிவத்திலேயே இறுகிப்போகிறது. பாகத்தை முகர்ந்தால் கடுமையான ஸ்டைரீன் (அந்த ரெசினில் கலந்திருக்கும் திரவம்) நெடி இன்னும் வருகிறதா? வந்தால் அது முழுமையாக இறுகவில்லை, உங்களுக்கு நல்ல காலம். சரியாக அமைத்த ஃபெண்டர்களின் மேல் பானட்டை வைத்து, உயர்ந்த மூலையில் மணல் மூட்டையும் தாழ்ந்த மூலையின் அடியில் கட்டையும் கொடுத்து, தேவையான அளவைவிட ஓரிரு மி.மீ. கூடுதலாகவே எதிர்த்திசையில் வளைத்து, வெப்ப விளக்குகளால் 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சில மணி நேரம் சூடாக்குங்கள். எடையை எடுக்காமல் மறுநாள் வரை ஆறவிடுங்கள். மேற்பரப்பை வெப்பமானியால் அளந்துகொண்டே இருக்க வேண்டும். சாதாரணப் பாலியெஸ்டர் 60 முதல் 75 பாகைக்குள்ளாகவே இளகத் தொடங்கிவிடும்.

நெடி இல்லாமல் நன்கு இறுகிப்போன பானட் சூட்டுக்கு மட்டும் மசியாது. மசிந்தாலும் வெயிலில் ஒரு நாள் நின்றதும் பழைய வடிவத்துக்கே திரும்பும். அதற்கு வேறு வழி உண்டு. இந்தப் பானட்டுகள் மேல்தோல், உள்சட்டகம் என்ற இரண்டு அடுக்குகளை ஓரத்தில் ஒட்டிச் செய்யப்பட்டவை. முறுக்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒட்டுதான். பிசகிய மூலையையொட்டி முன்விளிம்பிலும் பக்க விளிம்பிலும் ஏறத்தாழ பாதி நீளத்துக்கு, மெல்லிய ரம்பத் தகட்டால் ஒட்டைப் பிரித்துவிடுங்கள். பிரித்ததும் மேல்தோல் தானாகவே தளர்ந்து ஃபெண்டரோடு படிவதைக் கண்ணாலேயே காணலாம். பிரிந்த பரப்புகளை 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசி நீக்கி, கெட்டியான எபாக்ஸி ஒட்டுப்பசையை இட்டு, பானட்டை வண்டியிலேயே சரியான நிலையில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுகவிட வேண்டும். பசை வழிந்து ஃபெண்டரில் ஒட்டாமல் இருக்க, ஃபெண்டர் விளிம்பு முழுவதும் பொதிக்கும் நாடாவை ஒட்டிவிடுங்கள். ஒருமுறை நான் அதை மறந்து, இரண்டையும் பிரிக்க ஒரு பகல் முழுவதையும் செலவழித்தேன்.

பழைய பாலியெஸ்டரின் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. ஆகவே ஓரிடத்தில் எபாக்ஸிக்குப் போய்விட்டால் அந்த இடத்தில் எபாக்ஸியிலேயே முடியுங்கள். எபாக்ஸியோடு சாதாரண நறுக்கிய இழைப் பாயைப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பாயைக் கோத்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்யப்பட்டது, எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை என்பதால் பாய் விறைத்துக்கொண்டு வளைவுகளில் படியாமல் நிற்கும். நெய்த இழைத்துணியே சரி.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் தூசுமுகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் நிற்காதீர்கள். ரெசின் வேலைக்குத் தூசுமுகமூடி போதாது; கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரிவடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

நீலக்குதிரை எழுதியது:

ஐயா இருவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து, செய்தவற்றைச் சொல்கிறேன்.

இடது கதவைத் தூக்கிப் பார்த்தேன்; 5 மி.மீ. எழும்பியது. மேல்கீலின் புஷ் ஒருபுறம் தாள் போல் தேய்ந்திருந்தது. புது ஊசியும் புஷ்ஷும் போட்டு, வண்டியைத் தாங்கிகளிலிருந்து இறக்கி, கதவிலிருந்து மறுபடி தொடங்கினேன். கதவு இடைவெளி மேலும் கீழும் 5 மி.மீ. ஆயிற்று. ஃபெண்டரை அதனோடு சேர்த்து, முன்முனையை இறக்கி உள்ளே நகர்த்தியதும் பானட்டின் இடப்பக்க இடைவெளியும் 5 மி.மீ. என்று சீராகிவிட்டது. தாழ்ந்திருந்த மூலை 8 மி.மீ. என்பதிலிருந்து 3 மி.மீ. ஆகக் குறைந்தது. நூல் சோதனையில் நடுவில் ஒன்றரை மி.மீ. இடைவெளி வந்தது. அதாவது மீதமிருந்தது உண்மையான முறுக்கு. ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியதில் அதுவும் மறைந்தது. பிரித்த அந்தக் கணத்தில் மூலை மெதுவாக எழுந்து ஃபெண்டரின் மட்டத்துக்கு வந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இப்போது பின்பக்கம். பின்முனைத் துண்டுகளைத் தகட்டோடு ஒட்டி, இணைப்பே தெரியாமல் பட்டி பூசி ஒரே உடலாக்கிவிடலாம் என்று பெயிண்டர் விரும்புகிறார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். செய்யலாமா? டிக்கி மூடிக்கும் இடது பின்முனைக்கும் இடையே இடைவெளி ஓரிடத்தில் 9 மி.மீ. இருக்கிறது, அதை எப்படிக் குறைப்பது?

இழைப்பாய் எழுதியது:

இணைப்பை மறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எஃகு ஒரு பாகை வெப்பத்துக்கு விரிவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக, இழைப்பாயும் பாலியெஸ்டரும் சேர்ந்த ஃபைபர் கிளாஸ் விரியும். 1 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டால், இரவுக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 40 பாகை மாறும்போது எஃகு அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீளும், ஃபைபர் கிளாஸோ 1 மி.மீ.க்கும் மேல் நீளும். உங்கள் துண்டு சிறியது, வேறுபாடும் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அதே கோட்டில் அந்த இழுபறி நடக்கும். ஒன்று பட்டி வெடிக்கும், அல்லது பெயிண்டின் அடியில் ஒரு நிழற்கோடு எழும்பும். சாதாரண மஸ்டாங்கிலேயே பின் ஃபெண்டரின் முனை தனித்துண்டாகப் போல்ட் போட்டு, இணைப்பு வெளியே தெரியும்படிதான் இருந்தது. அந்தக் கோடு இருப்பது அந்த வண்டியின் இயல்பு. சீரான ஒரு மெல்லிய கோடாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகளை உள்ளிருந்து போல்ட் போட்டே பொருத்துங்கள். போல்ட் தலைக்கடியில் அகலமான வாஷர் வேண்டும். துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஃபைபர் கிளாஸை நட்டால் இழுத்துத் தகட்டோடு படியவைக்க முயலாதீர்கள். எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே சிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து நிரப்பிய பிறகே இறுக்க வேண்டும். இழுத்து இறுக்கிய இடத்தில் ஜெல் கோட் (ஃபைபர் கிளாஸின் வழுவழுப்பான மேற்பூச்சு) இன்றில்லாவிட்டாலும் ஓராண்டுக்குள் வெடிக்கும். பக்கவாட்டுக் காற்றுவாய்களை ஒட்டுவதானால், இறுகிய பின்னும் சற்றே நெகிழும் யூரித்தேன் பசையை 2 மி.மீ. தடிப்புக்கு விட்டு ஒட்டுங்கள். அந்தத் தடிப்புதான் விரிவைத் தாங்கும்.

டிக்கி ஓரத்தின் 9 மி.மீ. இடைவெளிக்குப் பட்டி மட்டும் போதாது, விளிம்பில் பட்டி நிற்காது. மூடியின் விளிம்பை உட்புறமாகச் சரிவாகத் தேய்த்து, நெய்த இழைத்துணியை எபாக்ஸியில் நனைத்து விளிம்பைத் தாண்டி நீட்டி அடுக்குங்கள். எதிரேயுள்ள துண்டில் நாடா ஒட்டிவிட்டு, இடைவெளியே இல்லாதபடி நிரப்பி இறுகவிடுங்கள். பிறகு இடைவெளியை வெட்டி எடுக்க வேண்டும். நான் இதற்கு வைத்திருப்பது ஒரு சாண் நீளமுள்ள அலுமினியப் பட்டை. ஒருபுறம் மட்டும் 80ஆம் எண் உப்புத்தாள் ஒட்டியது. தாளோடு சேர்த்து அதன் தடிப்பு 5 மி.மீ. தாள் இல்லாத வழுவழுப்பான புறம் எதிர்த்துண்டின் நாடாவில் சாய்ந்து வழுக்கும், தாள் உள்ள புறம் புது விளிம்பை மட்டும் தேய்க்கும். பட்டை மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் ஓடத் தொடங்கும்போது, இடைவெளி முழு நீளத்துக்கும் ஒரே அளவாகியிருக்கும். கண்ணளவில் தேய்த்து இந்தச் சீர்மையை யாரும் எட்டியதை நான் பார்த்ததில்லை.

வண்ணத்தூசி எழுதியது:

நான் பெயிண்ட் வேலை செய்பவன். உங்கள் பெயிண்டரைக் குறை சொல்ல மாட்டேன். தகட்டு வண்டிகளில் பழகிய கைக்கு ஃபைபர் கிளாஸ் புதிதாக இருக்கலாம். அவரிடம் சில செய்திகளை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரப் பூசிய மெழுகு மேற்பரப்பில் இன்னும் இருக்கும். முதலில் உப்புத்தாளை எடுத்தால், அந்த மெழுகை நாமே கீறல்களுக்குள் தள்ளிவிடுகிறோம். பிறகு எந்தக் கரைப்பானாலும் அதை முழுமையாக எடுக்க முடியாது, பெயிண்டில் மீன்கண் போன்ற குழிகள் விழும். சோப்பு நீரால் நன்றாகக் கழுவி, உலர்த்தி, மெழுகு நீக்கும் கரைப்பானால் ஒரு துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் அதை எடுத்துவிட்ட பிறகுதான் தேய்ப்பு.

தேய்க்கும்போது ஊசித்துளைகள் திறந்துகொள்ளும். அவற்றின் மேல் பிரைமரை அடித்து மூட முயன்றால், உள்ளே சிக்கிய காற்று வெயிலில் விரிந்து கொப்புளமாகும். மெல்லிய பட்டியை அகலத் தகட்டால் அழுத்தித் தேய்த்துத் துளைக்குள் இறக்க வேண்டும். அதன்மேல் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் தடித்த பிரைமர், நீண்ட கட்டையால் தேய்ப்பு. இந்த நிலையில் பாகங்களை வண்டியிலேயே பூட்டி, சில வாரங்கள் வெயில்படும்படி விட்டுவிடுங்கள். சுருங்க வேண்டியது எல்லாம் அப்போது சுருங்கி, இழைகளின் தடம் மேலே தெரியத் தொடங்கும். அதைத் தேய்த்துவிட்டு நிறம் அடித்தால் பிறகு எழும்பாது. நீங்கள் அடர் நீலம் நினைத்திருந்தால் இந்தக் காத்திருப்பு இருமடங்கு முக்கியம், ஏனெனில் அடர் நிறம் வெயிலில் 70 பாகையைத் தொட்டுவிடும்.

பானட்டின் அடிப்புறத்தையும் வெட்டிய விளிம்புகளையும் மறக்காமல் பிரைமரால் மூடுங்கள். திறந்த இழை நுனி வழியே ஈரம் ஏறும்.

பழையபட்டறை எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. பின்விளக்குகள் இனி தகட்டில் அமராமல் ஃபைபர் கிளாஸில் அமரப்போகின்றன. 1967 ஜிடி500 வண்டியில் அதே ஆண்டின் மெர்க்குரி கூகர் காரின் விளக்குகள் இருந்தன. நீங்களும் அவற்றையே வாங்கியிருப்பீர்கள். விளக்கின் உடல் தகட்டைத் தொட்டு எர்த் ஆகும் என்று நம்பி இணைத்தால், ஒன்றும் எரியாது, அல்லது பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் கம்பி எடுத்து, பெயிண்ட் சுரண்டிய தகட்டில் போல்ட் போட்டு இணையுங்கள். முன்மூக்கிலுள்ள விளக்குகளுக்கும் இதே கதைதான். ஃபைபர் கிளாஸ் உடலோடு 1953 முதல் வந்த கார்வெட்டில், எஞ்சினின் பற்றவைப்பு இரைச்சல் ரேடியோவில் கேட்காமல் இருக்க டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் பாகம்) சுற்றி உலோக உறை போட வேண்டியிருந்தது. உங்கள் பானட்டும் இனி உலோகமில்லை என்பதால், ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஓசை கேட்டால், பிளக் ஒயர்களை மின்தடை உள்ளவையாக மாற்றிப் பாருங்கள்.

நீலக்குதிரை எழுதியது:

எர்த் கம்பிகளை இன்றே இழுத்துவிட்டேன். டிக்கி மூடியின் விளிம்பில் இழைத்துணி அடுக்கி, இப்போது இறுகிக்கொண்டிருக்கிறது, 5 மி.மீ. பட்டையும் தயார். பெயிண்டரும் இங்கே எழுதியவற்றைப் படித்தார். இணைப்புக் கோட்டை விட்டுவிடச் சம்மதித்து, பிரைமர் நிலையில் வண்டியை ஆறு வாரம் வெயிலில் விடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். நிறம் அடிக்கும் முன் இடைவெளிகளை மறுபடி அளந்து இங்கே எழுதுகிறேன்.